கடை சொன்ன விலை

லிந்தால்வாவின் ஃப்ரீசர் நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு உயிரை விட்டது. பள்ளிக்கூடம் விடும் நேரம். ஜன்னலில் வந்து மொய்த்த கூட்டத்துக்கு எடுத்துக் கொடுக்கப் போனவள் கையில் தேங்காய் திந்தின் கயிறு மாதிரித் துவண்டு தொங்கியது.

திந்தின் என்பது பெத்ரா மான்சா ஊரில் எல்லோரும் உறிஞ்சித் தின்னும் பாக்கெட் ஐஸ். விரல் தடிமனுக்கு நீளமான பிளாஸ்டிக் பை; அதில் பாலோ பழச்சாறோ ஊற்றி, வாயில் முடிச்சுப் போட்டு உறைய வைப்பது. பெர்னாம்புகோ மாநிலத்தின் அந்த வறண்ட உள்காட்டுச் சீமையில் அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை வெயில் ஆளைப் பிடித்துத் தின்னும். அதை எதிர்த்து அந்தத் தெருவுக்கு இருந்த ஒரே ஆயுதம் லிந்தால்வா வீட்டு ஜன்னல். பதினான்கு வருடமாகக் காலை நான்கு மணிக்கு எழுந்து தேங்காய் துருவுவாள். வேர்க்கடலையை வறுத்துத் தோல் ஊதுவாள். புளியைக் கரைத்து இரண்டு தடவை வடிகட்டுவாள். முடிச்சுப் போடும்போது அவள் கண் பையைப் பார்க்காது. அடுப்பையோ, வாசலில் போகிறவர்களையோ பார்த்துக்கொண்டிருக்கும். விரல்கள் பாட்டுக்கு மணிக்கு இருநூறு முடிச்சுப் போடும்.

மெக்கானிக் வந்து பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"இத அர்னோபியோ மூணு தடவ ரிப்பேர் பண்ணியிருக்கான் போல" என்றார்.

"நாலு தடவ" என்றான் அர்னோபியோ. லிந்தால்வாவின் புருஷன், மஞ்சள் கோட்டு மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பின்னால் ஆள் ஏற்றிப்போகும் டாக்சிக்காரன். "நாலாவது தடவதான் சரியாப் பண்ணினேன்."

உள்ளே முன்னூறு திந்தின் இளகிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு கித்தேரியா இடுப்பில் கை வைத்து நிலைமையைப் பார்த்தாள். "ஏண்டி மூக்கச் சிந்துற? தெருவக் கூப்பிடு. வீணாப் போறதுக்கு வயித்துல போகட்டும்" என்றாள். அரைமணி நேரத்தில் அந்தத் தெருவே வாசலில் நின்று பையின் மூலையைக் கடித்துக் குளிர்ந்த பாலை உறிஞ்சிக்கொண்டிருந்தது. செத்த வீட்டுச் சாப்பாடு இவ்வளவு ருசியாக இருந்ததில்லை என்றார் சவப்பெட்டிக் கடைக்கார ஒஸ்மாரியோ. அவருக்குத் தெரியாமல் இருக்குமா.

அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஊரின் சதுக்கத்தில் 'பெரிய கடை' தள்ளுபடித் திருவிழா போட்டது. அதன் தலைமையகம் தெற்கே எங்கோ இருந்தது; ஊருக்கு அது வெறும் பெரிய கடைதான். அதன் வாசலில் மைக் பிடித்து விலை கூவுகிறவர் ஜெனிவால்டோ. இருபத்திரண்டு வருடமாக ஊருக்குக் குரல் அவர்தான். யார் செத்தாலும், யார் வீட்டு ஆடு காணாமல் போனாலும் அவர் வாயிலிருந்துதான் தெரியவரும். லிந்தால்வாவின் மகளுக்கு அவர் ஞானத்தகப்பன்; அதனால் அவரை அவள் கொம்பாத்ரே என்பாள், அவர் அவளைக் கொமாத்ரே என்பார். மகள் ரெசிஃபே நகரத்தில் நர்ஸ் படிப்பு படிக்கிறாள்.

அன்று ஜெனிவால்டோவின் குரல் சந்தை வரைக்கும் கேட்டது. "நானூறு லிட்டர், ரெண்டு கதவு, நிக்கிற ஃப்ரீசர் இல்ல, படுக்கிற ஃப்ரீசர்! ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு ரெயாய்ஸ்!"

லிந்தால்வா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். பெரிய பானை மாதிரிக் கொழுக்க வளர்த்து வைத்திருந்த பன்றிகள் இரண்டு கொல்லையில் இருந்தன. மதியத்துக்குள் இரண்டும் கசாப்புக்காரர் வண்டியில் ஏறின. சாயங்காலம் அவள் கடையில் வரிசையில் நின்றாள். கூட்டத்தில் கணினி படுத்துவிட்டது. கல்லாவில் இருந்த பெண் ரசீதைக் கையால் எழுதி முத்திரை குத்தினாள். ஏழு நாளில் சரக்கு கிடங்கிலிருந்து வீட்டுக்கு வரும் என்றாள்.

ஏழாம் நாள் ஃப்ரீசர் வரவில்லை. கைபேசியில் ஒரு சேதி வந்தது. அர்னோபியோ ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தான்.

"'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, விலைப்பதிவில் ஏற்பட்ட பிழை காரணமாகத் தங்கள் ஆர்டர் ரத்து செய்யப்பட்டது. தங்கள் பணம் திருப்பித் தரப்படும்.' கீழ ஒரு பூப்படம் போட்டிருக்கான்."

"யாரோட பிழை?"

"அத எழுதல. பூ மட்டும்தான்."

மறுநாள் அவள் கடைக்குப் போனாள். மேலாளர் வால்டெசிர் கழுத்துப்பட்டை கட்டிய, நல்ல மாதிரியான மனிதர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, எதுவும் செய்ய முடியாது என்றார். உண்மையான விலை இரண்டாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு. கொடுத்த பணத்தை வாங்கிக்கொள்ளலாம், அல்லது மேற்கொண்டு ஆயிரம் கட்டினால் ஃப்ரீசர் வரும்.

"என் பன்னிங்கள யார் ரத்து பண்ணுவா?" என்று கேட்டாள் லிந்தால்வா.

அவருக்குப் புரியவில்லை.

"வித்த பன்னிங்க. கசாப்புக்காரர்கிட்டப் போயி, விலையில பிழை, திருப்பிக் குடுன்னு கேட்டா குடுப்பாரா? அதுங்க இப்ப தொத்திறைச்சியா இருக்கு."

வீட்டுக்கு வந்தவளுக்குக் கோபம் பாதி, தயக்கம் பாதி. "ஏய்யா, ஒருவேள அவங்க நெசமாவே தப்பாச் சொல்லியிருந்தா, நாம அதப் பிடிச்சுத் தொங்குறது சரியா?" என்றாள்.

"நான் ஒருத்தன சந்தைக்குக் கொண்டுபோய் விடறேன்னு அஞ்சு ரெயாய்ஸ் சொல்றேன். பாதி வழியில நிறுத்தி, 'ஏழு சொல்லணும், நாக்குப் பிசகிருச்சு, எறங்கு' அப்படின்னா என்ன பண்ணுவான்?"

"அடிப்பான்."

"அப்புறம் என்ன."

அதற்குள் இன்னொரு நெருக்கடி தலைக்கு மேல் வந்து நின்றது. ஜனவரி இருபது புனித செபஸ்தியார் திருவிழா. கோயில் வாசல் கடைக்கு எண்ணூறு திந்தின் தருவதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். சமையலறை ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் நாற்பதுதான் கொள்ளும். தினசரி வியாபாரத்துக்கே அது போதாது.

வழி கண்டுபிடித்தது கித்தேரியா. "தெருவுல எத்தன ஃப்ரிட்ஜ் இருக்கு? ஒவ்வொருத்தர் வீட்டுலயும் மேல்தட்டு காலியாத்தான கெடக்கு. ஐஸ் கட்டி வளத்துட்டு இருக்காளுங்க" என்றாள். மறுநாளிலிருந்து லிந்தால்வாவின் ஐஸ் கடை தெரு முழுக்கப் பரவியது. தேங்காய் கித்தேரியா வீட்டில். வேர்க்கடலை முடிதிருத்துகிறவர் கடையில். கொய்யா பாதிரியார் வீட்டில். புளி, ஒஸ்மாரியோவின் சவப்பெட்டிக் கடையில். அங்கே மாலைக்கான பூ வைக்கும் பெரிய ஃப்ரிட்ஜ் இருந்தது.

ஜன்னலில் வந்து நிற்கிறவர்களுக்கு அவள் வழி சொல்ல வேண்டியதாயிற்று. "புளியா? சவப்பெட்டிக் கடைக்குப் போ. பயப்படாத, உயிரோட திரும்பி வரலாம்." அர்னோபியோ பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் எல்லாம் திந்தின் ஏற்றினான். பின்னால் உட்கார்ந்த கிழவிமார் மடியில் ஒரு வாளி வேர்க்கடலை திந்தினோடு போனார்கள். கூலியில் தள்ளுபடி கேட்டார்கள். பாதிரியார் வீட்டில் மட்டும் கொய்யா தினமும் இரண்டு மூன்று குறைந்தது.

"எலியா இருக்கும் பாதர்" என்றாள் லிந்தால்வா.

"ஆமாமா, பெரிய எலி" என்றார் பாதிரியார். "ஞாயித்துக்கிழம காணிக்கத் தட்டுல காசு வச்சிரும்."

நகராட்சிக் கட்டடத்தின் மாடியில் நுகர்வோர் அலுவலகம் இருந்தது. ஒரு அறை, ஒரு மின்விசிறி, ரோசிக்ளைடே என்ற அதிகாரி. முப்பத்தைந்து வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு பேசுவார். லிந்தால்வா ரசீதையும் கைபேசிச் சேதியையும் மேசையில் வைத்தாள். வைத்துவிட்டு, மனதில் அரித்துக்கொண்டிருந்ததையும் கேட்டுவிட்டாள்.

"மேடம், நான் அடுத்தவங்க தப்புல லாபம் பாக்குறேனா?"

அதிகாரி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "அந்த ஃப்ரீசர் பத்து ரெயாய்ஸ்னு கூவியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

"பத்துக்கு ஒரு நல்ல கோழி வராதே. சிரிச்சிட்டுப் போயிருப்பேன்."

"ஆயிரத்து எழுநூத்தித் தொண்ணூறுன்னதும்?"

"நம்பினேன். பாதி விலைன்னு கடை முகப்புல பேனர் தொங்குது. அதான பன்னியை வித்தேன்."

"அவ்வளவுதான் விஷயம். யாரும் நம்ப முடியாத விலைன்னா அது வேற கதை. நம்பக்கூடிய விலையக் கடை ஊரறியச் சொல்லி, நீங்க நம்பிப் பணமும் கட்டிட்டா, அந்தச் சொல்லு கடையக் கட்டிப்போடும். பிழை அவங்க வீட்டுப் பிழை. அந்தச் சரக்கையே கேக்கலாம், இல்ல அதுக்கு ஈடா வேற கேக்கலாம், இல்ல பணத்தையும் நஷ்டத்தையும் கேக்கலாம். மூணுல எதுன்னு முடிவு பண்றது நீங்க. கடை இல்ல."

"நானா?"

"நீங்கதான், தோனா லிந்தால்வா" என்று மரியாதை அடைமொழி சேர்த்துச் சொன்னார் அதிகாரி.

'நீங்கதான்' என்ற அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு அவள் படியிறங்கினாள். வாசலில் இன்னும் இரண்டு பேர் அதே கைரசீதோடு மாடியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். "மேல போங்க, நல்லா இருக்கும்" என்றாள். ஒரு வாரத்தில் ஒன்பது பேர் புகார் கொடுத்திருந்தார்கள். விசாரணை ஜனவரி ஒன்பதாம் தேதி என்று காகிதம் வந்தது.

புது வருடம் பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜெனிவால்டோ வந்தார். காப்பி வேண்டாம் என்றார். அவர் காப்பி வேண்டாம் என்று சொல்லி லிந்தால்வா கேட்டதே இல்லை.

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். ஃப்ரீசர் விலையைத் தானே தவறாகக் கூவிவிட்டதாகவும், கல்லாப்பெண் அதைக் கேட்டு ரசீது எழுதிவிட்டதாகவும், கடைக்கு இதில் சம்பந்தம் இல்லை என்றும் எழுதியிருந்தது. கீழே அவர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"மேலாளர் குடுத்தாரு" என்றார்.

"நீங்க தப்பாவா கூவினீங்க கொம்பாத்ரே?"

"அவர் எழுதிக் குடுத்த தாள்ல இருந்தத வாசிச்சேன்."

"கையெழுத்துப் போடலேன்னா?"

"ஒண்ணும் சொல்லல. மைக்க ஒரு பார்வை பாத்தாரு."

அர்னோபியோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். லிந்தால்வா அவன் தொடையில் தட்டி அடக்கினாள். அவள் மனதில் இரண்டு கதவு ஃப்ரீசர் ஒரு பக்கம், இந்த மனிதர் ஒரு பக்கம் நின்றார்கள். வெகுநேரம் யோசிக்கவில்லை.

"நான் புகாரத் திருப்பி வாங்கிக்கிறேன். ஐஸ் இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு வரும். உங்க சோத்துல கை வச்சு எனக்கு ஃப்ரீசர் வேண்டாம்."

ஜெனிவால்டோ அவளை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் தாளை மடித்தார்.

"அத மட்டும் செஞ்சிராதீங்க கொமாத்ரே. நீங்க வாபஸ் வாங்கினா, நான் தப்பா வாசிச்சேன்னு ஊரு முடிவு பண்ணிரும். காணாமப்போன ஆட்டுக்குக் காதுல அடையாளமா எத்தன வெட்டுன்னு கூட நான் பிசகிச் சொன்னதில்ல. செத்தவங்க வயச ஒரு வருசம் கூட்டிச் சொன்னதில்ல. நான் வந்தது வாபஸ் வாங்கச் சொல்ல இல்ல. இப்படி ஒரு தாள் இருக்கு, விசாரணையில இதக் காட்டினா நீங்க ஆடிப்போகக் கூடாதுன்னு சொல்லத்தான் வந்தேன்."

"கையெழுத்து?"

"கண்ணாடி ஒடஞ்சிருக்கு, இதுல இருக்கிற பொடி எழுத்தப் படிக்க முடியலன்னு சொல்லியிருக்கேன். எத்தன நாளைக்கு ஒடஞ்சிருக்கும்னு தெரியல." பிறகு காப்பி கேட்டார்.

ஒன்பதாம் தேதி காலை வெயில் ஒன்பது மணிக்கே பல்லைக் காட்டியது. மாடி அறையில் எட்டு நாற்காலிதான். கித்தேரியா ஜன்னல் திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வால்டெசிர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டே வந்தார். கடையின் வக்கீல் தெற்கிலிருந்து கணினித் திரையில் தெரிந்தார். அவர் இருந்த இடத்தில் குளிரூட்டி ஓடியது போலிருந்தது, கோட்டு போட்டிருந்தார்.

"கடை அப்படி ஒரு விலையை எப்போதும் நிர்ணயிக்கவில்லை" என்றார் வக்கீல். "வாசலில் கூவும் ஊழியர் நினைவிலிருந்து சொல்கிறவர். அவர் வாய்தவறிச் சொன்னதற்குக் கடை பொறுப்பாகாது."

"அவருக்கு விலையை யாரும் எழுதித் தர்றதில்லையா?" என்று கேட்டார் அதிகாரி.

வால்டெசிர் தண்ணீர்க் குவளையைப் பார்த்தார். "பொதுவா… அவரே சொல்லிடுவாரு மேடம். பழக்கம்."

லிந்தால்வா எழுந்து பேச வாயெடுத்தாள். அப்போது சதுக்கத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, திறந்த ஜன்னல் வழியே, ஜெனிவால்டோவின் குரல் அறைக்குள் வந்து உட்கார்ந்தது.

"பெரிய கடை வாசலுக்கு வாங்க! இன்று ஜனவரி ஒன்பது. மேலாளர் வால்டெசிர் அவர்கள் காலை ஏழு ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளில் உள்ளபடி, முதல் வரி: நாலு பர்னர் ஸ்டவ், அறுநூற்று நாற்பது. அதே தாளில் ரெண்டாவது வரி: மேசை மின்விசிறி, நூற்றுப் பத்தொன்பது. வரி மூணில் ஒரு அடித்தல் இருக்கிறது, அடித்தலுக்குப் பக்கத்தில் மேலாளர் சின்னக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்…"

முதலில் சிரித்தது கித்தேரியா. அவள் ஜன்னல் திட்டிலிருந்து விழாமல் இருக்க இருவர் பிடிக்க வேண்டியிருந்தது. திரையில் வக்கீல், "என்ன சத்தம் அது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாலு நாளா இப்படித்தான் கூவறாரு" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "வியாபாரம் பாதியாப் போச்சு, கூட்டம் ரெண்டு மடங்கு."

ரோசிக்ளைடே எழுந்துபோய் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கினார். "அந்தத் தாள் தினமும் உண்டா சார்?"

வால்டெசிர் கழுத்துப்பட்டையை முழுசாக அவிழ்த்துவிட்டார். "உண்டு."

"நவம்பர் இருபத்தெட்டாம் தேதித் தாள்?"

"கோப்புல இருக்கும்."

"கொண்டு வரச் சொல்லுங்க. எனக்குச் சாப்பாட்டு நேரம் பன்னெண்டரைக்குத்தான். காத்திருக்கேன்."

கோப்பு வந்தது. ஆறாவது வரி: படுக்கை ஃப்ரீசர், நானூறு லிட்டர், 1,790. பக்கத்தில் வால்டெசிரின் கையெழுத்து, அழகான வளைவோடு. தலைமையகத்திலிருந்து வந்த பட்டியலைத் தாளில் ஏற்றியபோது இரண்டு என்பதை ஒன்று என்று தட்டிவிட்டிருந்தார். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அன்னிக்கு என் சின்னவளுக்குக் காய்ச்சல். தூங்கவே இல்ல" என்று மெதுவாகச் சொன்னார். யாரும் அதற்குச் சிரிக்கவில்லை.

"தப்பு எல்லாருக்கும் வரும் சார்" என்றாள் லிந்தால்வா. "அதத் தூக்கி மைக் பிடிக்கிறவர் தலையில வச்சீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பொறுக்கல. கையெழுத்துப் போடச் சொல்லி அவர்கிட்டக் குடுத்தீங்களே, அந்தத் தாளைக் கிழிச்சிருங்க."

அவர் தன் பையிலிருந்த அதன் பிரதியை எடுத்துக் கிழித்தார். வக்கீல் பத்து நிமிடம் கேட்டார். இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார். ஒன்பது பேருக்கும் சொன்ன விலைக்கே சரக்கு தருவதாகக் கடை ஒப்புக்கொண்டது. ஊழியர் மேலாளரின் தாளில் இருந்ததைத்தான் வாசித்தார் என்பதையும் அதிகாரி ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிச் சேர்த்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். சாயங்காலம் ஜெனிவால்டோவின் கண்ணாடி சரியாகிவிட்டது.

பதினாறாம் தேதி ஒரே லாரியில் ஒன்பது ஃப்ரீசர் வந்தது. முதல் மழையும் அன்றைக்குத்தான் வந்தது. உள்காட்டுச் சீமையில் அதைவிடப் பெரிய விருந்தாளி கிடையாது. அர்னோபியோ லாரிக்கு முன்னால் நனைந்துகொண்டு ஹாரன் அடித்துப் போனான். ஒவ்வொரு வாசலிலும் லாரி நின்று ஒன்றை இறக்க, அந்த வீட்டுக்காரர்கள் அடுத்த வீட்டில் இறக்கக் கைகொடுக்கப் பின்னாலேயே வந்தார்கள். கடைசியாக லிந்தால்வா வீட்டுக்கு வந்தபோது தூக்குவதற்கு ஐம்பது பேர் இருந்தார்கள். வாசற்படி அகலம் போதாமல் ஜன்னல் சட்டத்தைக் கழற்றினார்கள். ஒஸ்மாரியோ மேற்பார்வை பார்த்தார். பெட்டியைக் குறுகலான வீட்டுக்குள் ஏற்றி இறக்குவது அவருக்குக் கைவந்த வேலை.

அதன்பின் மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு அணையவில்லை. கித்தேரியா சோளம் உதிர்த்தாள். அரைத்த சோளத்தைப் பாலோடும் சர்க்கரையோடும் பட்டையோடும் காய்ச்சி ஆற வைத்து, புதிதாக ஒரு திந்தின் போட்டாள் லிந்தால்வா. தெருவெங்கும் சிதறியிருந்தவையும் வீடு திரும்பின. பாதிரியார் வீட்டிலிருந்து மட்டும் காலி வாளி வந்தது, உள்ளே ஒரு உறையில் காசோடு.

செபஸ்தியார் திருவிழா அன்று கோயில் கடைக்கு எண்ணூறும் போய்ச் சேர்ந்தது. மிச்சத்தை அவள் தன் ஜன்னலில் விற்றாள். ஊர்வலம் முடிந்து கூட்டம் நேரே அங்கே வந்தது. வரிசையில் வால்டெசிரும் நின்றார், மனைவியோடும் இரண்டு பெண்களோடும். கழுத்துப்பட்டை இல்லாமல் பத்து வயது இளையவராகத் தெரிந்தார். தன் முறை வந்ததும் ஜன்னலில் தொங்கிய அட்டையைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"தோனா லிந்தால்வா, சோளம் ஒண்ணரைன்னு போட்டிருக்கு. பால் போட்டது, இவ்வளவு பெரிசு… யாரோ தவறி எழுதின மாதிரி இருக்கு."

லிந்தால்வா தலையை வெளியே நீட்டி அட்டையைப் பார்த்தாள். எழுதியது அர்னோபியோ. சோளத்துக்கு இரண்டரை என்று அவள் மூன்று தடவை சொல்லியிருந்தாள். அவன் ஃப்ரீசருக்குப் பின்னால் எதையோ தேடுவதுபோல் உட்கார்ந்துவிட்டான். வரிசை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. ஆறேழு பேருக்குப் பின்னால் ரோசிக்ளைடே கண்ணாடியைத் தலையில் ஏற்றினார்.

"ஒண்ணரைன்னு எழுதியிருக்கா சார்?"

"எழுதியிருக்கு."

"அப்ப ஒண்ணரைதான். எத்தன வேணும்?"

"நாலு" என்றார் வால்டெசிர். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார்.

இருட்டுவதற்குள் சோளம் எல்லாம் தீர்ந்தது. அடியில் ஒன்றே ஒன்று கிடந்தது. லிந்தால்வா அதைத் துடைத்து எடுத்து, பின்னால் உட்கார்ந்திருந்த புருஷனிடம் நீட்டினாள். அவன் ஆசையாகக் கையை நீட்டினான்.

"உனக்கு மட்டும் ரெண்டரை" என்றாள்.